லிங்க் ஹெடரை கமாவில் வெட்டாதீங்க

பக்கம் பக்கமாகத் தரவு இழுக்கும் நிரல்களில் மோசமான பிழை, எரர் காட்டாமல் பாதியில் நின்றுவிடுவதுதான். லாக்கில் சிவப்பு வரி இருக்காது. வேலை முடிந்தது என்று பதிவாகியிருக்கும். கணக்கைக் கூட்டிப் பார்க்கிற ஆளுக்கு மட்டும் உதைக்கும். பல இடங்களில் இதற்குக் காரணம் ஒன்றுதான்: அடுத்த பக்கத்தின் முகவரி, சர்வரின் ரெஸ்பான்ஸோடு வரும் லிங்க் ஹெடர் என்ற குறிப்பு வரியில் ஒழுங்காகத்தான் வந்தது, அதைப் படிக்க எழுதிய நாலு வரி கோட் அதைத் தவறவிட்டது. அடுத்த பக்கம் இல்லை என்பதும், இருக்கிறது ஆனால் படிக்க முடியவில்லை என்பதும் அந்த நாலு வரிக்கு ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஏல லாட் பட்டியலை மற்ற நிரல்களுக்குத் தரும் ஒரு வாசல், அதாவது ஏபிஐ, இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 430 லாட், பக்கத்துக்கு 50. ஆக 9 பக்கம், கடைசிப் பக்கத்தில் 30. பெருந்துறை வியாபாரி ஒருவருக்கு விரலியும் கிழங்கும் இரண்டும் வேண்டும், அதனால் தரம் என்ற வடிகட்டியில் இரண்டையும் கொடுக்கிறார். இரண்டாம் பக்கத்தின் ரெஸ்பான்ஸில் வரும் ஹெடர் இது:

லிங்க்: </லாட்?தரம்=விரலி,கிழங்கு&பக்கம்=3>; ரெல்="நெக்ஸ்ட்", </லாட்?தரம்=விரலி,கிழங்கு&பக்கம்=9>; ரெல்="லாஸ்ட்"

(ஹெடரில் நிஜமாக வருவது ஆங்கில எழுத்து, தமிழ்ச் சொல் இருந்தால் அது சதவீதக் குறியோடு மாற்றி எழுதப்பட்டு வரும். படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ரெல் என்பது அந்த முகவரி எதற்கு என்று சொல்லும் உறவுப் பெயர்: நெக்ஸ்ட் என்றால் அடுத்த பக்கம், லாஸ்ட் என்றால் கடைசிப் பக்கம். கண் வைக்க வேண்டியது குறிகள் மேல்தான்.)

இதைக் கமாவில் வெட்டினால் எத்தனை துண்டு வரும்? இரண்டு அல்ல, நான்கு. முதல் துண்டில் திறக்கும் கோணக்குறி இருக்கும், மூடும் குறி இருக்காது. இரண்டாவதில் மூடுவது இருக்கும், திறப்பது இருக்காது. இரண்டு குறியும் உள்ள துண்டை மட்டும் ஏற்கிற ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் சூத்திரம்) நான்கையும் தள்ளிவிடும். கிடைப்பது வெறும் பட்டியல். லூப் ‘அடுத்தது இல்லை’ என்று முடிவுகட்டி நிற்கும். ஒரே தரத்தைக் கொடுத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே ஓடியிருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. முகவரியின் கேள்விப் பகுதியில், அதாவது கேள்விக்குறிக்குப் பின்னால், கமா அப்படியே இருக்க ஆர்எஃப்சி 3986 இடம் தருகிறது (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசை). சில நூலகங்கள் அதைச் சதவீதக் குறியாக்கி எழுதும், சில அப்படியே விடும். சர்வர் பக்கம் ஒரு நூலகத்தை மாற்றினால் போதும், உங்கள் கோட் ஒரு வரியும் மாறாமலே உடையும்.

செமிகோலனும் அப்படியே. முகவரியின் பாதையிலேயே செமிகோலன் வரலாம். மேற்கோளுக்குள் இருக்கும் தலைப்பில் கமா, செமிகோலன், சமக்குறி மூன்றுமே வரலாம். ஆகவே இந்த ஹெடரில் எந்தக் குறிக்கும் தனியாக ஒரே பொருள் கிடையாது. அது கோணக்குறிக்குள் இருக்கிறதா, மேற்கோளுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பொருள். அதனால்தான் வெட்டுகிற வழி எதுவும் நிலைக்காது. இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் படித்துக்கொண்டே போக வேண்டும்.

இப்போது நடப்பில் உள்ள விதி ஆர்எஃப்சி 8288. மார்க் நாட்டிங்ஹாம் எழுதியது, 2017 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் 2010-இல் வந்த 5988. அதற்கும் முன்னே 1997-இல் ஹெச்டிடிபி 1.1-இன் முதல் பதிப்பில் லிங்க் ஹெடர் இருந்து, 1999-இன் 2616-இல் காணாமல் போனது. இந்த வரலாறு நமக்கு எச்சாக உதவாது. ஆனால் 8288-இன் பின்னிணைப்பு பி-யில் பார்சர் (ஹெடரைப் படித்துப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் நிரல்) எப்படி நடக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள், இணையத்தில் கிடைக்கிற ரெஜெக்ஸை ஒட்டுவதற்கு முன் அதை ஒரு தரம் படிப்பது மேல்.

அதைத் தழுவி எழுதுவது இப்படி. ஸ்ட்ரிங்கின் மேல் ஒரு சுட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பேஸ், டேப், கமா மூன்றையும் தாண்டுங்கள். பட்டியல் ஹெடர்களில் நடுவே வெற்று உறுப்பு வந்தால் கண்டுகொள்ளாமல் போக வேண்டும் என்று ஆர்எஃப்சி 9110 சொல்கிறது, ஆகவே இரண்டு கமா அடுத்தடுத்து வந்தால் அது குற்றமில்லை. ஸ்ட்ரிங் முடிந்துவிட்டால் வேலையும் முடிந்தது. முடியவில்லை என்றால் இப்போது நிற்கும் எழுத்து திறக்கும் கோணக்குறியாக இருந்தே ஆக வேண்டும். வேறெதுவானாலும் ஹெடர் பழுது. அங்கிருந்து முதல் மூடும் கோணக்குறி வரை உள்ளது முகவரி. மூடும் குறி ஒரு முகவரிக்குள் சதவீதக் குறியாக்காமல் வரவே கூடாது என்பதால், முதலில் தென்படுவதே எல்லை. இங்கே குழப்பத்துக்கு இடமில்லை. முகவரியை எடுத்தபடியே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் சதவீதக் குறிகளை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்து மறுபடி கட்டினால் வேறு முகவரி ஆகிவிடலாம்.

அடுத்து அளவுருக்கள், அதாவது முகவரிக்குப் பின்னால் வரும் ரெல் போன்ற பெயர்-மதிப்பு ஜோடிகள். ஸ்பேஸைத் தாண்டிப் பாருங்கள்: கமாவோ முடிவோ என்றால் இந்த இணைப்பு முடிந்தது, செமிகோலன் என்றால் ஒரு அளவுரு வருகிறது, வேறெதுவானாலும் பழுது. செமிகோலனையும் ஸ்பேஸையும் தாண்டியபின், ஸ்பேஸ், சமக்குறி, செமிகோலன், கமா இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை பெயர். பெயரைச் சிற்றெழுத்தாக்கிவிடுங்கள், ஏனென்றால் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் கிடையாது. அடுத்து ஸ்பேஸ் இருந்தால் தாண்டுங்கள். சமக்குறி இல்லையென்றால் மதிப்பு வெற்று ஸ்ட்ரிங். இருந்தால், அதையும் அடுத்துள்ள ஸ்பேஸையும் தாண்டி, இரட்டை மேற்கோள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த இரட்டை மேற்கோள் வரை படிக்க வேண்டும், நடுவில் பேக்ஸ்லாஷ் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தை அப்படியே சேர்க்க வேண்டும். மேற்கோள் இல்லாத மதிப்பு என்றால் அடுத்த செமிகோலன் அல்லது கமா வரை, கடைசி ஸ்பேஸை நறுக்கிவிட்டு.

மேற்கோள் இல்லாமல் வருவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். வேர்ட்பிரஸ் தளங்கள் குறுமுகவரிக்கு அனுப்பும் லிங்க் ஹெடரில் ரெல்=ஷார்ட்லிங்க் என்று மேற்கோளே இல்லாமல்தான் எழுதுகிறது. அதே தளம் தன் ஏபிஐ வேரைக் காட்டும் ஹெடரில் மேற்கோள் போடுகிறது, அதிலும் ரெல் மதிப்பாக ஒரு முழு முகவரியையே தருகிறது. ஊரில் பாதி தளம் வேர்ட்பிரஸ்தான். இரண்டு வடிவத்தையும் படிக்காத பார்சர் எதற்கு? ஒற்றை மேற்கோள் மட்டும் வேறு கதை. விதிப்படி அது மேற்கோளே அல்ல, மதிப்பின் ஓர் எழுத்து. ஒரு குறிப்பிட்ட சர்வர் அப்படி அனுப்பினால் அந்த சர்வருக்கு மட்டும் தனியாக நறுக்குங்கள், பொதுப் பார்சரில் சேர்க்காதீர்கள்.

ஒரே இணைப்பில் ரெல் இரண்டு முறை வந்தால் முதலாவதுதான் செல்லும், இரண்டாவதைக் கழித்துவிட வேண்டும். தலைப்பு, வகை, மீடியா மூன்றுக்கும் அதே சட்டம். மொழியைச் சொல்லும் அளவுரு மட்டும் பலமுறை வரலாம். அகராதியில் போட்டால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும் என்பதால், ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இவ்வளவும் எந்த மொழியிலும் ஐம்பது அறுபது வரிக்குள் அடங்கிவிடும். ரெஜெக்ஸே இல்லாமல் முடிவதில் இன்னொரு லாபம்: நோட்.ஜேஎஸ் உலகில் பலர் பயன்படுத்திய பார்ஸ்-லிங்க்-ஹெடர் நூலகத்தில், 2.0.0-க்கு முந்தைய பதிப்புகளில், விஷமமான ஹெடர் ஒன்றால் ரெஜெக்ஸைத் திணறடித்து சர்வரையே முடக்க முடிந்தது (பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-23490). அதைச் சரிசெய்தபோது நீளத்துக்கு 2000 எழுத்து என்று வரம்பு வைத்தார்கள், என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்றால் அதைக் கூட்டலாம். ஆனால் வரம்பு மீறினால் இயல்பாக எரர் எறிவதில்லை, வெறுமையைத் திருப்பித் தரும். நீளமான கர்சர் (எந்த இடம் வரை வந்தோம் என்று சர்வர் வைக்கும் குறி) கொண்ட முகவரிகள் நாலு சேர்ந்தால் 2000 எழுத்து பெரிதில்லை. எரர் எறியும் அமைப்பும் அதிலேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் வைத்திருப்பவர்கள் ரெஸ்பான்ஸின் லிங்க்ஸ் பண்பை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். கிட்ஹப் போன்ற ஒழுங்கான சர்வருக்கு அது போதும்தான். அது எங்கே வழுக்கும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கமாவும் அதைத் தொடரும் திறக்கும் கோணக்குறியும் சேர்ந்த இடத்தில்தான் அது வெட்டுகிறது, ஆகவே மேலே சொன்ன விரலி, கிழங்கு சிக்கல் அதற்கு இல்லை. ஆனால் முகவரியையும் அளவுருக்களையும் முதல் செமிகோலனில் பிரிக்கிறது. முகவரிக்குள்ளேயே செமிகோலன் இருந்தால் முகவரி பாதியில் அறுந்துவிடும். ஒரு அளவுருவில் இரண்டு சமக்குறி இருந்தால் (தலைப்பு="தரம்=விரலி" என்பது போல) அந்த இடத்தோடு அந்த இணைப்பின் அளவுருக்களைப் படிப்பதையே நிறுத்திவிடும், அதற்குப் பின்னால் இருந்த ரெல் போச்சு. ரெல் கிடைக்காத இணைப்புக்கு முகவரியையே சாவியாக வைத்துவிடும். பெயர்களைச் சிற்றெழுத்தாக்குவதும் இல்லை. ஹெச்டிடிபிஎக்ஸ் நூலகமும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட அபாயமான இடம் வேறு. ரெல் மதிப்பு ஒற்றைச் சொல் அல்ல, ஸ்பேஸ் விட்டு எழுதிய பட்டியல். நம்முடைய 9 பக்கத்தில் எட்டாம் பக்கத்தின் ஹெடரை எண்ணிப் பாருங்கள். அடுத்ததும் கடைசியும் ஒரே முகவரிதான். சர்வர் இப்படி எழுதலாம், விதிப்படி முழுக்கச் சரி:

லிங்க்: </லாட்?பக்கம்=9>; ரெல்="நெக்ஸ்ட் லாஸ்ட்"

ரிக்வெஸ்ட்ஸ் இதை ‘நெக்ஸ்ட் லாஸ்ட்’ என்ற ஒரே சாவியின் கீழ் வைக்கும். ‘நெக்ஸ்ட்’ என்று தேடினால் கிடைக்காது. எட்டுப் பக்கம் சரியாக வந்து, கடைசி 30 லாட் மட்டும் வராது. 430-க்கு 400 வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமும் வராது, முழு எண்ணாக வேறு இருக்கிறது. ரெல் மதிப்பை ஸ்பேஸில் பிரித்து, சிற்றெழுத்தாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறவாகப் பதிவுசெய்வதே வழி. ரெல்லுக்குள் மட்டும் ஸ்பேஸில் வெட்டுவது சரி, ஏனென்றால் அங்கே ஸ்பேஸுக்கு வேறு பொருள் கிடையாது.

முந்தைய பக்கத்துக்கு ‘ப்ரெவ்’, ‘ப்ரீவியஸ்’ என்று இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. கிட்ஹப் முதலாவதை எழுதுகிறது, ஷாப்பிஃபையின் ரெஸ்ட் ஏபிஐ இரண்டாவதை. திருப்பூரில் ஷாப்பிஃபையில் கடை போட்டு பனியன் விற்கிறவர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களில், அந்தப் பழைய ரெஸ்ட் ஏபிஐயை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்த ஹெடரைத் தினமும் சந்திப்பார்கள். 2019-07 பதிப்பிலிருந்து அங்கே பக்க எண்ணைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள், இப்போது லிங்க் ஹெடரில் வரும் கர்சர் மட்டும்தான். அந்தக் கர்சரோடு எண்ணிக்கை வரம்பையும் வேண்டிய புலங்களையும் தவிர வேறு வடிகட்டி எதையும் நாம் சேர்த்து அனுப்பக் கூடாது. முதல் அழைப்பில் கொடுத்த வடிகட்டி கர்சருக்குள்ளேயே போய்விடுகிறது. வந்த முகவரியை அப்படியே அழைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முகவரியைப் பிரித்து, கர்சரை மட்டும் உருவி, தன் அளவுருக்களோடு மறுபடி கட்டுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். பக்க எண்ணுக்கு ஒன்றைக் கூட்டி நாமே முகவரி கட்டுவதும் இதே ரகம். அடுத்த பக்கம் எங்கே என்று சொல்வது சர்வரின் வேலை. அந்த வேலையை நாம் வாங்கிச் செய்தால், சர்வர் தன் முறையை மாற்றும் நாளில் நம்முடையது உடையும்.

சார்பு முகவரிகளுக்கு வருவோம். ஹெடரில் வரும் முகவரி முழுதாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மேலே காட்டியதும் சார்பு முகவரிதான். அதை எதன்மேல் வைத்து முழுதாக்குவது? நீங்கள் கேட்ட முகவரியின்மேல் அல்ல, ரீடைரக்ட் எல்லாம் முடிந்து கடைசியாக ரெஸ்பான்ஸ் வந்த முகவரியின்மேல். ஹெச்டிஎம்எல்லுக்குள் பேஸ் டேக் இருந்தாலும் லிங்க் ஹெடருக்கு அது செல்லாது, 8288 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்ட்ரிங்கை ஒட்டிக் கட்டாமல் மொழியோடு வரும் கருவியைப் பயன்படுத்துங்கள்: பைத்தானில் யூஆர்எல்ஜாயின், ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் கட்டமைப்பானின் இரண்டாம் மதிப்பு, கோ மொழியில் ரிசால்வ்ரெஃபரன்ஸ். ஜாவாவில் மட்டும் சூதானம். அங்கே யூஆர்ஐ வகுப்பின் ரிசால்வ் பழைய ஆர்எஃப்சி 2396-இன் வழக்கப்படி நடப்பது. வெறும் கேள்விப் பகுதி மட்டும் வந்தால் (<?பக்கம்=3> என்பது போல) அடிப்படை முகவரியின் கடைசிப் பாதைத் துண்டைத் தின்றுவிடும்; /லாட் மேல் வைத்தால் கிடைப்பது /?பக்கம்=3. வேர்ப்பக்கம் 200 என்று பதில் தந்து தொலைத்தால் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். கேள்விக்குறியில் தொடங்கும் முகவரியை ஜாவாவில் தனியாகக் கையாளுங்கள்.

லிங்க் என்ற பெயரில் ஒரே ரெஸ்பான்ஸில் பல ஹெடர் வரிகளும் வரலாம். கமாவால் இணைத்து ஒரே வரியாக்கினாலும் பொருள் அதேதான். சிக்கல், நம் நூலகம் எதைத் தருகிறது என்பதில். கோ மொழியின் கெட் முதல் வரியை மட்டும் தரும், எல்லாம் வேண்டுமென்றால் வேல்யூஸ். ஜாவாவின் ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் ஒற்றை ஹெடரைக் கேட்டால் கடைசி வரிதான் கிடைக்கும். நோடும் பிரவுசரின் ஃபெட்சும் கமாவால் சேர்த்தே தந்துவிடும். வரிவரியாகக் கிடைக்கிற இடத்தில் தனித்தனியாகப் பார்ஸ் செய்துவிட்டுப் பட்டியலை ஒட்டுவதுதான் என் விருப்பம். ஒரு வரியில் மேற்கோள் மூடாமல் போனால், சேர்த்த வடிவத்தில் அது பின்னால் வரும் நல்ல வரிகளையும் விழுங்கிவிடும்.

பல வரி என்றால் பல நோக்கமும் கலந்திருக்கும். எழுத்துருவை முன்கூட்டி இறக்கச் சொல்லும் ப்ரீலோட், ப்ரீகனெக்ட் எல்லாம் இதே ஹெடரில்தான் பயணிக்கின்றன. ‘முதல் இணைப்பு நெக்ஸ்டாகத்தான் இருக்கும்’ என்று எழுதின கோட், யாரோ சிடிஎன் (கோப்புகளை வேகமாகப் பரப்பித் தரும் இடைச் சர்வர்கள்) அமைப்பில் ப்ரீலோட் சேர்த்த அன்றைக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பை லாட் பட்டியல் என்று படிக்கப் போகும். ரெல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இடத்தைப் பார்த்து அல்ல. ஆங்கர் என்ற அளவுரு இருந்தால் அந்த இணைப்பு இந்தப் பக்கத்தைப் பற்றியதே அல்ல, ஆங்கர் சுட்டும் வேறொன்றைப் பற்றியது. அப்படிப்பட்டவற்றை விட்டுவிட விதி இடம் தருகிறது, பக்கம் புரட்டும் வேலைக்கு விட்டுவிடுவதே சரி.

தமிழ்த் தலைப்புகளைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெடரில் நேரடியாகத் தமிழ் எழுத்தை அனுப்புவது முறையல்ல. அனுப்பினாலும், ரிக்வெஸ்ட்ஸும் பிரவுசரும் ஹெடரின் ஒவ்வொரு பைட்டையும் லத்தீன்-1-இன் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் ஒவ்வொன்றும் மூன்று குப்பை எழுத்தாகத் தெரியும். அந்த ஸ்ட்ரிங்கை லத்தீன்-1 ஆகப் பைட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகத் திருப்பிப் படித்தால் மீட்டுவிடலாம். முறையான வழி, பெயரின் முடிவில் நட்சத்திரக் குறி வைத்த அளவுரு. அதன் வடிவம் ஆர்எஃப்சி 8187-இல் இருக்கிறது. மதிப்பு மூன்று பகுதி: எழுத்துத் தொகுதி, ஒரு ஒற்றை மேற்கோள், மொழிக்குறி, இன்னொரு ஒற்றை மேற்கோள், பிறகு சதவீதக் குறியாக்கிய பைட்டுகள். மொழிக்குறி காலியாக இருக்கலாம், அப்போது இரண்டு ஒற்றை மேற்கோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நட்சத்திரம் உள்ளதும் இல்லாததும் சேர்ந்து வந்தால் நட்சத்திரத்துக்கே முன்னுரிமை.

நீளம் வேகமாக ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ‘கோவை’ என்பதில் நான்கு யூனிகோட் குறியீடு, 12 பைட், சதவீதக் குறியோடு 36 எழுத்து. யாராவது ஓகாரத்தை இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துத் தட்டியிருந்தால் அதே சொல் 45 எழுத்து ஆகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தலைப்பை ஒப்பிடவோ சாவியாக வைக்கவோ போகிறீர்கள் என்றால் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். முகவரிக்கு மட்டும் இந்த மாற்றத்தைச் செய்துவிடாதீர்கள்.

ஹெடர் நீண்டால் சர்வர் பக்கமும் இடிக்கும். என்ஜின்எக்ஸை ப்ராக்ஸியாக (இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் சர்வராக) முன்னால் வைத்திருந்தால், பின்னாலிருந்து வரும் ஹெடர் முழுதும் ப்ராக்ஸி பஃபர் அளவுக்குள் அடங்க வேண்டும். இயல்பாக அது 4 அல்லது 8 கிலோபைட். தாண்டினால் 502, லாக்கில் ‘மிகப் பெரிய ஹெடர்’ என்ற பொருளில் ஒரு வரி. நோட் கிளையண்டுக்கு மொத்த ஹெடரும் 16 கிலோபைட் வரை. அவ்வளவு இணைப்பு தேவை என்றால் அவற்றை ஹெடரில் திணிக்காமல், 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9264 சொல்லும் லிங்க்செட் ஆவணமாகத் தனியே கொடுப்பது நல்லது.

பிரவுசரில் ஓடும் கோடுக்கு ஒரு பொறி தனியாக இருக்கிறது. வேறு டொமைனிலிருந்து ஃபெட்ச் செய்தால் லிங்க் ஹெடர் ஸ்கிரிப்டுக்குக் கண்ணில் படாது. டெவ் டூல்ஸின் நெட்வொர்க் தாவலில் ஜம்மென்று தெரியும், கோடில் கேட்டால் நல் வரும். அனுமதி இல்லாமலே காட்டப்படும் ஹெடர்களின் சிறு பட்டியலில் லிங்க் இல்லை என்பதே காரணம். சர்வர் தன் ‘ஆக்சஸ் கன்ட்ரோல் எக்ஸ்போஸ் ஹெடர்ஸ்’ வரியில் லிங்க் என்பதையும் சேர்க்க வேண்டும். பார்சரில் மணிக்கணக்காகப் பிழை தேடும் முன் இதைப் பாருங்கள்.

பார்சர் சரியாகிவிட்டால் மிச்சம் லூப். இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன ஊமைப் பிழையை அடைக்க வேண்டும். பார்சர் ஒரு பட்டியலை மட்டும் தந்தால் போதாது, ஹெடரைக் கடைசிவரை சுத்தமாகப் படித்ததா, இல்லை எந்த எழுத்தில் இடறியது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும். லூப்புக்கு அப்போது நான்கு நிலை தெரியும். நெக்ஸ்ட் கிடைத்தது: போகலாம். ஹெடர் வந்தது, சுத்தமாகப் படித்தது, நெக்ஸ்ட் இல்லை: கடைசிப் பக்கம். ஹெடர் வந்தது, படிக்கையில் இடறியது, நெக்ஸ்ட் இல்லை: எரர் எறிந்து நில்லுங்கள், முடிந்தது என்று எழுதாதீர்கள். ஹெடரே வரவில்லை: முதல் பக்கமானால் மொத்தமே ஒரு பக்கம்தான் என்று கொள்ளலாம், கிட்ஹப் அப்படித்தான் செய்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு வராமல் போனால் நம்பக் கூடாது. பல சர்வர்கள் கடைசிப் பக்கத்திலும் முந்தையதைக் காட்டும் இணைப்பைத் தரும், ஆகவே மொத்த ஹெடரும் காணவில்லை என்றால் நடுவில் ஏதோ ப்ராக்ஸி அதைக் கழற்றியிருக்கலாம். வேர்ட்பிரஸ் போல மொத்தப் பக்க எண்ணிக்கையைத் தனி ஹெடரில் தரும் சர்வர் என்றால் அதோடும் ஒத்துப் பாருங்கள். ‘லாஸ்ட்’ இணைப்பை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். கணக்கிட முடியாதபோது கிட்ஹப் அதைத் தருவதே இல்லை.

அடுத்த முகவரியை அழைக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, ஏற்கெனவே போன முகவரியா? வெற்றுக் கோணக்குறி வந்தால்கூட அது இதே பக்கத்தைத்தான் சுட்டும். போன முகவரிகளை ஒரு செட்டில் சேர்த்து வைக்காத லூப் இரவு முழுக்கச் சுற்றும். மற்றொன்று, ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் முதல் அழைப்போடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகவில்லை என்றால் டோக்கனை (நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியை) அனுப்பாதீர்கள். இதில் அடிக்கடி கண்ணில் படுவது திருட்டு அல்ல, சோம்பல்: ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வர், வெளியே எஸ் போட்ட ஹெச்டிடிபி நடப்பது தெரியாமல் எஸ் இல்லாத முகவரியை எழுதி அனுப்பும். நம் கோட் அதைப் பின்தொடர்ந்தால், சர்வர் ரீடைரக்ட் செய்து திருத்துவதற்குள் டோக்கன் ஒருமுறை வெளிப்படையாகப் போயிருக்கும். சர்வர் நம்முடையது என்றால், எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடரை மதிக்கச் சொல்லி அமைப்பைத் திருத்துங்கள். இல்லையென்றால் இணைப்பை மறுத்து எரர் எறியுங்கள், நீங்களே எஸ் சேர்த்து ஒப்பேற்ற வேண்டாம்.

கடைசியாக, பார்சருக்குக் கொடுத்துப் பார்க்கச் சில வரிகள். இவை அத்தனையிலும் நெக்ஸ்ட் கிடைத்தாக வேண்டும்:

</லாட்?தரம்=விரலி,கிழங்கு&பக்கம்=3>; ரெல்="நெக்ஸ்ட்"

</லாட்;தரம்=விரலி?பக்கம்=3>;ரெல்=நெக்ஸ்ட்

</லாட்?பக்கம்=9>; ரெல்="லாஸ்ட் நெக்ஸ்ட்"

, , </லாட்?பக்கம்=3> ; தலைப்பு="விரலி, \"முதல் தரம்\"; விலை=மேல்" ; ரெல் = "நெக்ஸ்ட்" ,

</அ.சிஎஸ்எஸ்>; ரெல்=ப்ரீலோட், <?பக்கம்=3>; ரெல்="நெக்ஸ்ட்"; ரெல்="லாஸ்ட்"

கடைசி வரியில் லாஸ்ட் கிடைக்கக் கூடாது. பின்வரும் இரண்டிலும் நெக்ஸ்ட் கிடைக்காமல், பார்சர் இடறியதாகச் சொல்ல வேண்டும். வெறும் காலிப் பட்டியலோடு திரும்பினால் தேறவில்லை:

/லாட்?பக்கம்=3; ரெல்="நெக்ஸ்ட்"

</லாட்?பக்கம்=3; ரெல்="நெக்ஸ்ட்"